கெட்டில் காயிலில் கொதிக்கும் பீர்

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பம் ஒன்றில் 1818இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இயற்பியல் பாடப் புத்தகத்தில் ஆற்றலின் அலகாக நிற்கிறாரே, அதே ஜூல்தான். ஆலையில் ஓடிய நீராவி எந்திரத்தைத் தூக்கிவிட்டு மின்மோட்டாரைப் பூட்டினால் செலவு குறையுமா என்று கணக்குப் போடப் போய்த்தான் இளைஞர் ஜூல் மின்சாரத்துக்குள் இறங்கினார். செலவு குறையவில்லை. அந்தக் காலத்தில் மின்சாரம் என்றால் பாட்டரி. பாட்டரியில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரி விலையை எங்கோ தாண்டிப் போனது. ஆலை முதலாளியின் மகனுக்கு அந்தக் கணக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஆராய்ச்சியின் ஊடே 1841இல் அவர் வெளியிட்ட விதி நிலைத்துவிட்டது: கம்பியில் பிறக்கும் வெப்பம், அதில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது. கீசரும் இஸ்திரிப் பெட்டியும் மின்கெட்டிலும் இன்றைக்கும் அந்த விதிக்குள்தான் சூடாகின்றன.

பிற்பாடு, தண்ணீரைத் துடுப்பால் கலக்கினாலே அது சூடாகும் என்று அவர் நிறுவியபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் அளந்து சொன்ன வெப்ப வேறுபாடு அவ்வளவு நுண்ணியது. டிகிரியின் சிறு பின்னங்களை ஒருவரால் இவ்வளவு நிச்சயமாக அளக்க முடியுமா என்று கேட்டார்கள். பீர் ஆலையில் வளர்ந்த கைக்கு அது முடியும் என்பது அறிவியல் வரலாற்றாளர்கள் சிலர் தரும் விளக்கம். தெர்மாமீட்டரை நம்பிப் பிழைத்த தொழில் அது.

ஜூலின் விதியைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் பிரிட்டனில், வீட்டு கராஜில் பீர் தயாரிக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் அதை மிக மலிவான வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதிலேயே விலை குறைந்த கெட்டில் இரண்டை வாங்குவது, அவற்றின் காயிலைக் கழற்றுவது, 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுப் பொருத்துவது. பீர் கொதிகலன் தயார். அதே வேலைக்குப் பளபளக்கும் ஸ்டீல் எந்திரத்தைப் பல நூறு பவுண்டு கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் பணம் பெரும்பாலும் தவறான இடத்துக்குப் போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கொதிக்கவைக்கும் பக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். மின்பாதுகாப்பிலும், பீர் புளிக்கும் நாட்களின் குளிர்ச்சியிலும் ஒரு காசுகூடக் குறைக்கக் கூடாது. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு ‘வீட்டில் காய்ச்சுவது’ என்றதுமே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவுக்கு வரும். அது மெத்தனால் கலந்த சாராயம். பீரில் வாலை வடிப்பே கிடையாது. பார்லிச் சாற்றை ஈஸ்ட் புளிக்கவைக்கிறது, நூற்றுக்கு நாலைந்து பங்கு ஆல்கஹால் சேர்கிறது, அத்தோடு முடிந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சரியல்ல. அதற்காகச் சட்டமும் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பதும் குற்றமே. ஆகவே இங்கே பேசப்படுவது அனுமதி உள்ள நாடுகளின் கதை.

பிரிட்டனிலும் அந்த அனுமதி சும்மா வந்துவிடவில்லை. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு பீர் மீதே வரி போட்டபோது, வீட்டில் காய்ச்சுகிறவர்களும் உரிமம் எடுக்க வேண்டும் என்று ஆனது. 83 ஆண்டுகள் கழித்து, 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். அதன்பின் பத்தாண்டுகளில் பூட்ஸ் மருந்துக்கடைகளிலேயே பீர் தயாரிக்கும் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை வரி கிடையாது, விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியாக இணங்க வேண்டியிருந்ததால் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன.

செய்முறை எளிதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. இனிப்பான சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். பிரிட்டன் வீடுகளில் வழக்கமான அளவு 23 லிட்டர், அதாவது 40 பைண்ட். அதற்கு நாலு, நாலரை கிலோ மால்ட்டும் 50 முதல் 100 கிராம் வரை ஹாப்ஸும் 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றும் போதும்.

இதற்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே போட்டுவிடலாம். 30 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து எழுபதைத் தாண்டிக் கொண்டுபோக ஏறக்குறைய 1.8 யூனிட். வடித்த சாறு 27 லிட்டரை 65இலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற இன்னும் 1.1 யூனிட். ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 லிட்டர் ஆவியாகும் என்றால் அதற்கு 1.9 யூனிட். வாளியின் பக்கவாட்டில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் ஐந்துக்கு மேல், ஆறுக்குள். பிரிட்டனில் ஒரு யூனிட் கால் பவுண்டு அளவில் விற்கும்போது, 40 பைண்டுக்கான மின்செலவு ஒன்றரைப் பவுண்டைத் தாண்டாது. ஜூலின் காலத்துத் துத்தநாகக் கணக்கு இப்போது அடியோடு மாறிவிட்டது.

யூனிட் எத்தனை என்பதைவிட அதை எத்தனை வேகத்தில் கொடுக்க முடியும் என்பதுதான் கருவியின் விலையைத் தீர்மானிக்கிறது. இதில் பிரிட்டனுக்கு ஒரு வசதி. அங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதாரணச் சுவர் சாக்கெட் 13 ஆம்பியர் தரும். அதாவது 3 கிலோவாட். 2.2 கிலோவாட் கெட்டில் காயில் இரண்டை இரண்டு சாக்கெட்டுகளில் செருகினால், 30 லிட்டர் தண்ணீர் அரை மணிக்குள் தயாராகிவிடும். அமெரிக்காவில் சாதாரண சாக்கெட் 120 வோல்ட், 15 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் கருவிக்கு அதில் 80 சதவீதம்தான் எடுக்கலாம் என்ற விதியையும் சேர்த்தால் கிடைப்பது 1.44 கிலோவாட். தண்ணீர் சூடாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 27 லிட்டர் சாறு அதில் முணுமுணுக்குமே தவிரத் துள்ளிக் கொதிக்காது.

அதனால் அமெரிக்கர்கள் துணி உலர்த்தும் எந்திரத்துக்கென்று வீட்டில் இருக்கும் 240 வோல்ட், 30 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் போனார்கள். கீசருக்கான 5,500 வாட் காயிலைக் கொதிகலனில் பொருத்தினார்கள். அந்தக் காயிலை 120 வோல்ட்டில் செருகினால் பாதிச் சக்தி கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. வோல்ட் பாதியானால் சக்தி கால் பங்காகிவிடும். மிஞ்சுவது 1,375 வாட்தான். 240 வோல்ட்டுக்கு மின்கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் தனியாக வாங்கப் போனால் விலை மலைக்கவைத்தது. அங்கேதான் ஒரு சாமர்த்தியம் பிறந்தது. வெளிமுற்றத்தில் வைக்கும் வெந்நீர்த் தொட்டிகளுக்காகக் கட்டடப் பொருள் கடைகளில் விற்கும் ‘ஸ்பா பேனல்’ பெட்டிக்குள் அதே வகைப் பாதுகாப்பு இருந்தது, தனி பிரேக்கரைவிடக் குறைந்த விலையில். அமெரிக்க வீட்டு பீர்க்காரர்களிடையே அது ஊரறிந்த சிக்கனமாகிப்போனது. காசையும் மிச்சப்படுத்தி உயிரையும் காக்கும் இந்த வகைச் சிக்கனத்தைத்தான் மெச்ச வேண்டும்.

பிரிட்டன் வாளிக்குத் திரும்பலாம். பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் என்பது அங்கே புதுமையே அல்ல. ‘ப்ரூஹீட்’ என்ற பெயரில் அப்படி ஒரு கொதிகலன் ஹோம்ப்ரூ கடைகளில் நெடுங்காலம் விற்றது. கெட்டில் காயில் அதன் ஏழை உறவினர். வாளி, கொதிநிலையைத் தாங்கும் உணவுத்தரப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஓட்டையை வட்ட ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, காயிலின் ரப்பர் வாஷர் முழுதாகப் பதியும்படி முடுக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சூட்டில் வாளி சற்று இளகும். ஆகவே சமமான, ஆடாத மேடை மீது வைத்துவிட்டால், பிறகு கொதிக்கும் சாற்றோடு அதை நகர்த்தும் பேச்சே கூடாது. கீழே ஒரு குழாய் பொருத்தினால் தூக்க வேண்டிய தேவையும் இராது. இவ்வளவுதான் கட்டுமானம். ஒரு சனிக்கிழமை மதியத்து வேலை.

சிக்கனம் சிக்கலாவது இதற்கு அடுத்த படியில். கெட்டில் காயிலின் முதுகில் மூன்று முள் உள்ள சாக்கெட் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் போகும் பவர் கார்டைப் பார்த்தால் இதற்கும் அதுவே போதும் என்று தோன்றும். போதாது. கம்ப்யூட்டர் கார்டின் முனை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்தது; கெட்டில் கார்டின் முனை 120 டிகிரிக்கு. இரண்டும் மாறிவிடாமல் இருக்கத்தான் கெட்டில் கார்டில் ஒரு சிறு பள்ளம் வைத்திருக்கிறார்கள். காயிலின் முதுகில் அதற்கேற்ற புடைப்பு இருக்கும். கம்ப்யூட்டர் கார்டைக் கத்தியால் செதுக்கி உள்ளே நுழைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். கெட்டில் நாலு நிமிடம் ஓடி அணைந்துவிடும் சாதனம். பீர் வாளியில் அதே காயில் ஒன்றரை மணி நேரம் முழு மூச்சில் ஓடுகிறது. 10 ஆம்பியர் எல்லை உள்ள முனையில் 2.2 கிலோவாட் என்பது எல்லையை உரசிக்கொண்டு போகும் ஓட்டம். பிளாஸ்டிக் உருகி முள் கருகுவது இப்படித்தான்.

அடுத்தது, வறண்ட காயிலை அணைக்கும் தானியங்கி சுவிட்ச். தண்ணீர் இல்லாமல் கெட்டிலைப் போட்டால் அது அணைந்துவிடும் அல்லவா, அந்தச் சுவிட்ச் காயிலோடு சேர்ந்தே வாளிக்கும் வருகிறது. மால்ட் சாற்றின் சர்க்கரையும் புரதமும் காயில் மேல் படிந்து அடைபிடித்தால், வறண்டுவிட்டது என்று நினைத்துக் கொதிப்பின் நடுவே அணைத்துவிடும். எரிச்சலூட்டும் சமாசாரம். சிலர் அந்தச் சுவிட்சையே கழற்றி நேராகக் கம்பியை இழுத்துவிடுகிறார்கள். பத்து பவுண்டு கெட்டிலில் கிடைத்த ஒரே நல்ல பாதுகாப்பை எடுத்து எறியும் வேலை அது. ஒவ்வொரு முறையும் காயிலைத் தேய்த்துக் கழுவினாலே பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

எர்த் விஷயத்தில் பிளாஸ்டிக் வாளி தனக்கென ஓர் ஆபத்தை வைத்திருக்கிறது. ஸ்டீல் பாத்திரம் என்றால் பாத்திரத்தையே எர்த்தோடு இணைத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் காயிலின் உலோக உறை ஒன்றுதான் எர்த்துக்குப் போகும் வழி. அந்த உறை விரிசல் விட்டு, எர்த்தும் அறுந்திருந்தால் வாளி நிறைய இருப்பது மின்சாரம் பாய்ந்த சர்க்கரைத் தண்ணீர். அதில் ஸ்டீல் கரண்டியை விட்டுக் கலக்குகிறவர் ஈரத் தரையில் நிற்கிறார். பக்கெட் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, சூடு ஏறியதா என்று கைவிட்டுப் பார்த்து உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்தி நம்மூர்ப் பத்திரிகைகளுக்கு அன்னியமல்ல. இதற்கு மருந்து, 30 மில்லிஆம்பியர் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி. நம்மூர் எலெக்ட்ரீஷியன்கள் ஈஎல்சிபி என்று சொல்வது. புல்வெட்டும் எந்திரத்துக்காக அதை பிளக் வடிவிலேயே பிரிட்டன் கடைகளில் விற்கிறார்கள். விலை ஏறக்குறைய அந்தக் கெட்டில் அளவுதான். வீட்டு மெயின் போர்டிலேயே ஆர்சிடி இருந்தால் இன்னும் நல்லது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குவது அதைவிட நல்லது. இரண்டு காயிலையும் ஒரே இரட்டைச் சாக்கெட்டில் செருகுவது, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கொடுப்பது, சுருட்டிவைத்த கேபிளைப் பிரிக்காமலே பயன்படுத்துவது எல்லாம் சூட்டை வரவழைக்கும் வேலைகள்.

இத்தனை எழுதியதன் காரணம், இந்தப் பொழுதுபோக்கின் காசு எங்கே போகிறது என்று பார்த்தால் விளங்கும். அது கன்ட்ரோல் பேனலுக்குப் போகிறது. வெப்பநிலையை டிகிரி சுத்தமாகப் பிடித்துவைக்கும் பிஐடி கருவி, காயிலை நொடிக்கொரு தரம் போட்டு அணைக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே, அது சூடாகாமல் இருக்க அலுமினியத் தகடு, ஆம்பியர் மீட்டர், சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச், பச்சை, சிவப்பு விளக்குகள். விமானி அறை மாதிரி ஒரு பெட்டி கராஜ் சுவரில் தொங்கும். அழகுதான், மறுப்பதற்கில்லை. கையால் செய்து பார்க்கும் ஆனந்தத்துக்காக அதைக் கட்டுகிறவரோடு யாருக்கும் சண்டை இல்லை. பீர் நன்றாக வர அது வேண்டும் என்று சொன்னால்தான் சண்டை.

மால்ட் ஊறும் ஒரு மணி நேரத்தில் வெப்பம் ஓரிரு டிகிரி இறங்கினால் பீருக்கு ஒன்றும் ஆகாது. பிரிட்டனில் இதற்குப் பழைய பிக்னிக் கூல்பாக்ஸ் போதும் என்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஐஸ் உருகாமல் காக்கும் பெட்டி வெந்நீர் ஆறாமலும் காக்கும். கூல்பாக்ஸும் இல்லாதவர் மூடி போட்ட வாளியைப் போர்வையால் சுற்றிவைக்கிறார். கூல்பாக்ஸுக்குள் தானியத்தை வடிக்க, ஜன்னலுக்குப் போடும் மெல்லிய திரைத்துணியில் தைத்த பை போதும். பையைத் தூக்கினால் சக்கை வந்துவிடும், சாறு நின்றுவிடும். பையில் மால்ட்டைப் போட்டு ஊறவைக்கும் இந்த முறையை 2000களின் நடுவில் பரப்பியவர்கள் ஆஸ்திரேலியர்கள். இனி கொதிக்கும் கட்டம். அங்கே பிடித்துவைக்க வெப்பநிலையே கிடையாது, கொதிநிலை தானாகவே நிற்கும். இரண்டு காயிலையும் போட்டுக் கொதிக்கவைத்து, பொங்கத் தொடங்கியதும் ஒன்றை அணைத்துவிட்டால் மற்றொன்று ஒரு மணி நேரம் கொதிப்பைத் தாங்கும். இரண்டு சுவிட்ச் போதும். சாலிட் ஸ்டேட் ரிலேக்கு இன்னொரு குணமும் உண்டு: கெட்டுப்போகும்போது அது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். மலிவான ரிலேயை நம்பிப் பக்கத்து அறைக்குப் போகிறவர், தனியாக ஒரு மெயின் சுவிட்சும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயத்த எந்திரங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனம் தரும் பிராமைஸ்டர், நியூசிலாந்திலிருந்து வந்த கிரெயின்ஃபாதர் போன்றவற்றில் ஊறல், வடிப்பு, கொதிப்பு எல்லாம் ஒரே ஸ்டீல் பானைக்குள் முடிந்துவிடும். எர்த்தும் கேபிளும் ஆலையிலேயே ஒழுங்காகப் பொருத்தி வருகின்றன. மின்வேலையில் கை பழகாதவர் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய பொருள் சந்தையில் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. காசு மிகுந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறொரு வகையிடம். சியாட்டிலின் பிகோப்ரூ நிறுவனம் பொட்டலத்தைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பீர் காய்ச்சும் எந்திரங்களை விற்றது. எந்திரம் இணையத்தில் நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டும். 2020இல் நிறுவனம் மூழ்கியது. விலை கொடுத்து வாங்கியவர்கள், தங்கள் சமையலறையில் இருக்கும் பானையைக் கொதிக்கவைக்க மாற்று மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

பழைய இரும்பிலிருந்து நல்ல பீர் வருமா என்ற சந்தேகத்துக்குக் கலிஃபோர்னியா பதில் சொல்லியாயிற்று. சோனோமாவில் 1976இல் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கிய ஜாக் மெக்காலிஃப், கழித்துப்போட்ட பீப்பாய்களைக் கொண்டே ஆலையைக் கட்டினார். அது 1982இல் மூடப்பட்டாலும், இன்றைய அமெரிக்கச் சிற்றாலைகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். சீக்கோ நகரில் வீட்டு பீர்ப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், பழைய பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கிப் பற்றவைத்து 1980இல் சியரா நெவாடாவைத் தொடங்கினார். இன்றைக்கு அது அந்நாட்டின் பெரிய தனியார் பீர் ஆலைகளில் ஒன்று.

கொதித்த சாற்றை ஆறவைக்கச் செம்புக் குழாய்ச் சுருளை அதில் முக்கிக் குளிர்ந்த நீரை ஓடவிடுவது வழக்கம். தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஆஸ்திரேலியர்கள் அதையும் விட்டுவிட்டார்கள். கொதிக்கும் சாற்றை நேராகக் கனத்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றில்லாமல் மூடி, இரவெல்லாம் தானே ஆறவிடுகிறார்கள். கேனின் உட்புறத்தை அந்தச் சூடே சுத்தம் செய்துவிடும். செம்புச் சுருளின் செலவு மிச்சம்.

மலிவாகக் கிடைக்கும் தரம் என்று ஒன்று உண்டென்றால் அது தண்ணீரில் இருக்கிறது. குழாய்நீரில் உள்ள குளோரின் மால்ட்டின் சில பொருட்களோடு சேர்ந்தால் பீரில் டெட்டால் நெடி வரும். பல பவுண்டு மால்ட்டும் ஒரு நாள் உழைப்பும் அதில் போய்விடும். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் அடங்கிய கேம்ப்டன் மாத்திரை பாதியைப் பொடித்துப் போட்டால் குளோரின் சில நிமிடங்களில் காணாமல் போகும். மாத்திரைக்குச் சில பென்ஸ்தான். பேனலுக்கு நூறுகளை எண்ணிக் கொடுத்தவர்கள் இந்த அரை மாத்திரையை மறந்து, எங்கே தவறு நடந்தது என்று ஹாப்ஸ் வகையை மாற்றிக்கொண்டே இருப்பது இந்தப் பொழுதுபோக்கின் நிரந்தர நகைச்சுவை.

மீதிப் பணம் முழுவதும் ஈஸ்ட்டுக்கு. ஆங்கிலேய ஏல் வகைக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். லாகருக்கு அதில் ஏறக்குறைய பாதி. புளிக்கும்போது ஈஸ்ட் தானும் சூட்டைக் கக்குகிறது. அறை 20 டிகிரியில் இருந்தாலும் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி ஏறிவிடும். ஏறினால் வாழைப்பழ வாசனை, தொண்டையைக் கரகரக்கும் கனத்த ஆல்கஹால். பவேரியாவில் 1553இல் போட்ட ஆணை ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதையே தடுத்தது. கோடையில் பீர் கெடும் என்பதற்காக ஆட்சியாளர் ஆலைகளைப் பூட்டச் சொன்ன நாடு அது. கோடையிலும் பீரைக் குளிர்ச்சியாகப் புளிக்கவைக்க வழி திறந்தது கார்ல் ஃபான் லிண்டேயின் குளிரூட்டும் எந்திரம். 1870களில் ம்யூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலைதான் அதற்கு முதல் சோதனைக்களம். வீட்டுக்கு வீடு நிற்கும் ஃபிரிட்ஜின் வம்சாவளியில் ஒரு பீர் ஆலை இருக்கிறது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். ஆனால் எத்தனை தூய ஈஸ்ட்டும் சூடான அறையில் தன் குணத்தைக் காட்டாமல் விடாது.

யாரோ வெளியே தூக்கிவைக்கும் பழைய ஃபிரிட்ஜ் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருக வேண்டும். எஸ்டிசி-1000 என்ற சீனக் கருவி மிக மலிவானது, பெட்டிக்குள் பொருத்திக் கம்பி இழுக்கத் தெரிந்தால். தெரியாதவருக்கு பிளக்கோடு வரும் இன்க்பேர்ட் இருக்கிறது. வாளியின் பக்கவாட்டில் சென்சாரை ஒட்டி, அதன்மேல் பஞ்சோ ஸ்பாஞ்சோ வைத்துக் கட்டிவிட்டால் ஃபிரிட்ஜின் காற்றை விட்டுவிட்டு பீரின் சூட்டையே அது படிக்கும். குளிர்காலத்துக்கு உள்ளே ஒரு சிறு ஹீட்டர் பட்டை. பிஐடி பேனலின் விலையில் சிறு பங்குகூட ஆகாத இந்த ஏற்பாடு, பேனலால் ஒருபோதும் தர முடியாத சுவையைத் தருகிறது. ஒரு டிகிரி துல்லியம் தேவைப்படும் இடம் உண்மையில் இதுதான். ஊறல் ஒரு மணி நேரம். புளிப்பு ஒரு வாரம், இரண்டு வாரம். ஹோம்ப்ரூ கடைக்காரர்கள் முதல்முறை வருகிறவர் கையில் ஆர்சிடியையும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பானையைக் காட்டலாம். லாபம் பானையில் இருப்பதால் அப்படி நடக்காது.

வெப்பநாட்டில் இந்த முன்னுரிமை இன்னும் அழுத்தம் பெறுகிறது. சிங்கப்பூரில் சுங்கத் துறை, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை பீரும் ஒயினும் தயாரித்துக்கொள்ள அனுமதிக்கிறது. விற்கக் கூடாது, வாலை வடிக்கக் கூடாது. 23 லிட்டர் வாளி ஒன்று மாதம் ஒருமுறை என்பது அந்த வரம்புக்குள் கச்சிதமாக அடங்கும். மின்சாரமும் 230 வோல்ட்தான், பிளக்கும் பிரிட்டன் பிளக்கேதான். ஆகவே கொதிகலன் விஷயத்தில் கராஜ் இல்லாதது தவிர வேறு வித்தியாசம் இல்லை. ஆனால் வருடம் முழுக்க 30 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊரில் ஏல் ஈஸ்ட் தாங்காது. அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது ஃபிரிட்ஜுக்கு இடம் ஏது என்று கேட்பவருக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு வழி வந்திருக்கிறது. மேற்கு நார்வேயின் பண்ணைவீடுகளில் தலைமுறையாகக் காப்பாற்றிவந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை 35, 40 டிகிரியில் சுத்தமாகப் புளிக்கிறது, அதுவும் மூன்று நாலு நாளில். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர் பண்ணை பண்ணையாகப் போய் அந்த முறைகளை எழுதிவைத்ததில்தான் வெளியுலகம் அதைப் பெரிதும் அறிந்தது. வாஸ் ஊரின் வகை இப்போது உலர்த்திய 11 கிராம் பாக்கெட்டாகவே விற்கிறது. ஃபிரிட்ஜ் வாங்கும் முன் அதில் ஒரு வாளி போட்டுப் பார்த்துவிடலாம்.